பெற்றோருக்கும் பாடம் வைக்கும் மாலைப் படிப்பகம்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் தங்கள் வீட்டு மாடியில் நடத்திவரும் மாலைப் படிப்பகத்தில் ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புப் பிள்ளைகளை மட்டுமே சேர்த்துக்கொள்கிறார்கள். என் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது முதல் அங்கே படிக்கிறாள். இப்போது எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பெயரைப் பொதுவெளியில் குறிப்பிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதால் குறிப்பிடவில்லை. இடம் குறைவு, வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு மனம் வருவதில்லை என்பதே காரணம். கற்பித்தல் நன்றாகவே இருக்கிறது என்றாலும், அதற்காக மட்டுமே ஒரு படிப்பகத்தைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுத நான் முற்பட்டிருக்க மாட்டேன். பிள்ளை நடுநிலை வகுப்புகளுக்கு வந்ததும் பெற்றோர் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சேர்த்து, இங்கே முறையாகச் சொல்லித்தருகிறார்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில் பெற்றோர் கூட்டம் நடைபெறும். தந்தையோ தாயோ தாத்தா பாட்டியோ யாராவது ஒருவர் கட்டாயம் வர வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டால்தான் சேர்க்கை. நகரில் வேறு எந்த டியூஷனிலும் இப்படியொரு நிபந்தனையை நான் கண்டதில்லை.

ஐந்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பிள்ளை ஆறாம் வகுப்பில் தடுமாறுவதற்கான காரணங்களை முதல் கூட்டத்திலேயே அவர்கள் விளக்கிவிடுகிறார்கள். தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே எல்லாப் பாடங்களையும் நடத்துவதால், பிள்ளையின் பலமும் பலவீனமும் அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலோ பாடத்திற்கு ஓர் ஆசிரியர், மணிக்கு ஒரு பாடவேளை என்று மாறுவதால், பிள்ளையை முழுமையாக அறிந்தவர் என்று பள்ளியில் ஒருவரும் இல்லாமற்போகிறார். பலர் அதே ஆண்டில் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற்றப்படுகிறார்கள். பள்ளியும் தொலைவாகிவிடுகிறது, காலையில் சீக்கிரம் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இவற்றோடு, பலருக்கு உறைக்காத இன்னொன்றையும் அந்த ஆசிரியை எடுத்துச் சொன்னார்: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதுவரை பள்ளியில் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுப் பழகிய பிள்ளை ஆறாம் வகுப்பில் வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்காருகிறது. அந்த வேளையில் பெரும்பாலும் கணக்கோ ஆங்கிலமோ இருக்கிறது. நான்கு இட்லியில் தீரக்கூடிய சிக்கலைப் படிப்பில் கவனமில்லை என்று நினைத்துப் பிள்ளையை அடிக்காதீர்கள் என்று அவர் சொன்னபோது, கூட்டத்தில் பல தாய்மார்கள் தலை குனிந்ததைப் பார்த்தேன்.

மதிப்பெண் பட்டியலை எப்படிப் படிப்பது என்று அவர்கள் சொல்லித்தருவதும் எனக்குப் பெரிதும் பயன்பட்டது. முப்பருவ முறையில் ஒவ்வொரு பாடத்திற்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என 100 மதிப்பெண்கள். வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளும் சிறு தேர்வுகளும் அடங்குவதால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதில் முப்பதுக்கு மேல் வந்துவிடுகிறது. ஆகவே மொத்தம் 62 என்று பார்த்து மனநிறைவு அடைகிற பெற்றோர், எழுத்துத் தேர்வில் பிள்ளை பெற்றது 60க்கு 27தான் என்பதைக் கவனிப்பதில்லை. எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை என்பது நல்ல ஏற்பாடு. அதனால்தான் பல பெண் பிள்ளைகள் பள்ளியில் நீடிக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் பின்னத்தில் ஏற்பட்ட ஓட்டை ஒன்பதாம் வகுப்பு வரை வெளியே தெரியாமலே இருந்துவிடக்கூடும் என்பதால், அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு வீட்டுக்கு வந்து சேருகிறது. தொகுத்தறி மதிப்பெண்ணைத் தனியாகப் பாருங்கள், விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்பது இவர்கள் பெற்றோருக்கு வைக்கும் முதல் வேலை.

சேர்க்கையின்போது பிள்ளைக்கு ஒரு சிறிய சோதனை உண்டு. ஆறாம் வகுப்புப் பாடத்தில் ஒரு கேள்விகூட அதில் இருக்காது. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துவிட்டு அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு இலக்க எண்ணால் வகுக்க வேண்டும். அரையும் கால்பங்கும் சேர்ந்தால் எவ்வளவு என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். பெற்றோர் எதிரிலேயே இது நடக்கிறது. என் மகள் ஆங்கிலப் பத்தியைத் தடங்கலின்றிப் படித்துவிட்டாள். அதன் பொருளில் ஒரு வரியைக்கூடச் சொல்ல முடியவில்லை. அப்போது அந்த ஆசிரியர் அவளைப் பாராட்டிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, “உங்கள் பிள்ளைக்கு எழுத்து தெரிகிறது, செய்தி போய்ச் சேரவில்லை. முதல் மூன்று மாதம் அதற்குத்தான் வேலை செய்வோம், அதுவரை ஆறாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பற்றி எங்களைக் கேட்காதீர்கள்” என்றார். இப்படி வெளிப்படையாகச் சொல்கிற துணிவு கட்டணம் வாங்கி நடத்தும் இடங்களில் அரிது.

இப்போது, இந்தப் படிப்பகத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவதற்கு வருகிறேன். அதை அவர்கள் ‘சொல்லிக்காட்டல்’ என்று அழைக்கிறார்கள். அன்று படித்த ஏதேனும் ஒரு பாடப்பகுதியை, இரவு உணவுக்கு முன்போ பின்போ பத்து நிமிடங்களுக்குள், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பிள்ளை வீட்டில் உள்ள ஒருவருக்கு விளக்க வேண்டும். கேட்பவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை; தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது என்கிறார்கள். கேட்பவர் செய்ய வேண்டியது இவ்வளவே: கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்பது, புரியாத இடத்தில் “அது ஏன் அப்படி?” என்றும் “நம் வீட்டில் அதற்கு ஓர் உதாரணம் சொல்” என்றும் கேட்பது. பிள்ளை திணறினால் திட்டக் கூடாது. திணறிய இடத்தைப் பிள்ளையே ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டு மறுநாள் பள்ளியிலோ படிப்பகத்திலோ கேட்டு வர வேண்டும். படித்ததைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து வெளியே எடுப்பதே நீண்ட நாள் நிலைக்கும் என்பது கல்வி உளவியலில் பலமுறை சோதித்து உறுதி செய்யப்பட்ட முடிவு. அந்த முடிவை, பள்ளிப் படியை மிதிக்காத ஒரு தாயும் தன் வீட்டில் செய்யக்கூடிய வேலையாக இவர்கள் மாற்றியிருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்தில் இதற்குள்ள மதிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி. 2004இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியும் அதைவிட அதிகம் முன்னே போய்விடவில்லை. வீட்டில் முதன்முதலாக ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைகள் இங்கே ஏராளம். அவர்களுடைய பெற்றோர் “எனக்கு என்ன தெரியும், எல்லாம் டியூஷன்காரர் பார்த்துக்கொள்வார்” என்று ஒதுங்கிக்கொள்வதுதான் வழக்கம். கூட்டத்திற்கு வரும் கட்டடத் தொழிலாளி ஒருவரிடம் ஆசிரியர், “செங்கல் கட்டு வேலைக்குக் கலவை எப்படிப் போடுவீர்கள்?” என்று கேட்டார். “ஒன்றுக்கு ஆறு, சார், பூச்சு வேலைக்கு ஒன்றுக்கு நாலு” என்று அவர் உடனே சொன்னார். ஆறாம் வகுப்பில் வரும் விகிதமும் விகிதசமமும் அதுதான் என்றும், சிமென்ட் இரண்டு பங்கானால் மணல் எத்தனை பங்கு என்று இன்றிரவு மகனைக் கேட்டுப் பாருங்கள் என்றும் ஆசிரியர் அவருக்கு விளக்கினார். அடுத்த மாதம் அந்தத் தந்தை, தன் மகன் கலவைக் கணக்கைப் பலகைக் கணக்காக எழுதிக் காட்டிய நோட்டைக் கொண்டுவந்திருந்தார்.

வீட்டு மொழியைப் பற்றிய இவர்களுடைய நிலைப்பாடு என்னை மிகவும் கவர்ந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் மட்டுமல்லாமல் கிருஷ்ணகிரி நகரிலும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. பள்ளியில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம், வீட்டில் தெலுங்கு என்று பிள்ளை மூன்று மொழிகளுக்கு இடையே நடமாடுகிறது. வீட்டில் தமிழில்தான் பேச வேண்டும், ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று சில பள்ளிகளில் பெற்றோரை நெருக்குகிறார்கள். இங்கே அப்படி இல்லை. ஒளிச்சேர்க்கையைத் தெலுங்கில் அம்மாவுக்கு விளக்க முடிந்தால் பிள்ளைக்கு அது விளங்கிவிட்டது என்று பொருள். அதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதப் பழக்குவது எங்கள் வேலை என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் என் மாமியாருக்குத் தெலுங்குதான் வசதி. பேத்தி அவருக்கு அறிவியல் பாடம் சொல்லும்போது, தெலுங்கில் சொல் கிடைக்காத இடத்தில் நின்று யோசித்து, பொருளை வேறு வழியில் சொல்லப் பார்க்கிறாள். பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டுத் தப்பித்துக்கொள்ள அங்கே வழியே இல்லை.

தூக்கத்தையும் கைப்பேசியையும் பற்றி அவர்கள் சொல்வது சுருக்கமானது, கண்டிப்பானது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கமும், அதற்கு மேற்பட்ட பதின்பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் தேவை என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் குறியீட்டைத் திறக்கக் கைப்பேசி வேண்டும் என்பதை இவர்கள் மறுப்பதில்லை. அதைக் கூடத்தில் உட்கார்ந்து, பெரியவர் ஒருவர் இருக்கும்போது பயன்படுத்த வேண்டும், இரவு ஒன்பது மணிக்கு அது பெற்றோரிடம் திரும்பி வந்துவிட வேண்டும் என்கிறார்கள். பெற்றோரும் அந்த நேரத்தில் தங்கள் கைப்பேசியை எடுக்காமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. ஓசூர், போச்சம்பள்ளி, பர்கூர் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பங்களில் இரவு பதினொன்றுக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் தந்தைக்காகப் பிள்ளை விழித்திருப்பதுண்டு. அத்தகைய வீடுகளுக்கு, சொல்லிக்காட்டலைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை தூங்கட்டும் என்று மாற்றுவழி சொன்னார்கள். என் கணவருக்கும் ஷிப்ட் வேலைதான் என்பதால் நாங்களும் அப்படியே செய்கிறோம்.

பெண் பிள்ளைகளின் தாய்மார்களை மட்டும் தனியே அமர்த்தி ஆசிரியை பேசும் கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள்தான் பெரும்பாலான பெண் பிள்ளைகள் பூப்படைகிறார்கள். சடங்கு, சீர், உறவினர் வருகை என்று பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் இருத்தும் நாள்கள் ஒரு பருவத்துப் பாடத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. விழாவை விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையை இயன்றவரை விரைவில் பள்ளிக்கு அனுப்புங்கள், விடுபட்ட பாடத்தை நாங்கள் நடத்தித் தருகிறோம் என்று அவர் கேட்டுக்கொள்கிறார். இதைச் சொல்ல ஒருவர் இருப்பதே பெரிய விஷயம். வயதுக்கு வந்துவிட்டாள், இனி படிப்பு எதற்கு என்ற பேச்சு இன்னும் ஓயாத ஊர்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. அந்தப் பேச்சு கல்யாணத்தில் போய் முடிவதையும் நாம் அறிவோம். எட்டாம் வகுப்பிலேயே நின்றுவிடவிருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு இந்த ஆசிரியை நேரில் சென்று பேசியதைப் பின்னர் அந்தத் தாயே கூட்டத்தில் சொன்னார்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேருவதற்கும் பின்னாளைய கல்லூரிப் படிப்புக்கும் உள்ள தொடர்பை இங்கேதான் நான் தெளிவாக அறிந்துகொண்டேன். மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் அளிக்கப்படும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்திற்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. இடையில் இரண்டு ஆண்டு தனியார் பள்ளியில் படிக்க வைத்துவிட்டுப் பிறகு அரசுப் பள்ளிக்குத் திரும்பலாம் என்று நினைக்கும் பெற்றோர் இதையெல்லாம் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு, அதாவது என்எம்எம்எஸ், அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு உரியது. மனத்திறன் தேர்வில் 90 வினாக்கள், படிப்பறிவுத் தேர்வில் 90 வினாக்கள். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கு 50 விழுக்காடு போதும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வானவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஏழாம் வகுப்பிலேயே தயார் செய்துவிடுங்கள் என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் பாருங்கள் என்று சொல்லும் டியூஷனையும் இங்கேதான் பார்த்தேன். பருவத்திற்கு ஒருமுறையாவது வகுப்பாசிரியரைச் சந்தித்து, “என் பிள்ளை வகுப்பில் கேள்வி கேட்கிறாளா? யாருடன் உட்காருகிறாள்? எந்தப் பாடவேளையில் சோர்ந்துபோகிறாள்?” என்று கேட்கச் சொல்கிறார்கள், மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் கேட்டால் பள்ளியும் அதைப் பற்றி மட்டுமே பேசும் என்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதைக் கூட்டத்திற்கு வந்த பலர் அங்கேதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள்.

குறைகளும் இருக்கின்றன, அவற்றில் சில சிறியவை அல்ல. ஞாயிறு காலைக் கூட்டம் என்பது வாரச் சம்பளத்திற்கு வேலை செய்பவர்களுக்கும் கடை வைத்திருப்பவர்களுக்கும் எளிதன்று. மாம்பழப் பருவத்தில் தோப்பிலும் மாங்கூழ் ஆலையிலும் வேலைக்குப் போகும் தாய்மார்களால் வரவே முடிவதில்லை. இரண்டு கூட்டங்களுக்கு வராவிட்டால் எச்சரிக்கை என்ற விதியை அவர்களுக்காகத் தளர்த்த வேண்டும் என்று கேட்டோம். இன்னும் பதில் இல்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் தாய்மார்களே. தந்தையர் வருவதற்கென்று இவர்கள் எதுவும் செய்யவில்லை என்பது எனக்கு மனக்குறை. அறிவியலைக் கரும்பலகையிலேயே நடத்துகிறார்கள். ஒரு காந்தம், ஒரு லென்ஸ், ஒரு மின்கலம்கூட அங்கே இல்லை. ஆங்கில வழிப் பிள்ளைகளுக்குக் கணக்கில் வரும் கலைச்சொற்களை இன்னும் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும். மாடியில் காற்றோட்டம் குறைவு. ஏப்ரலில் தகரக் கூரையின் கீழ் உட்காருவது பிள்ளைகளுக்குத் துன்பம். சிறு தேர்வு மதிப்பெண்களைப் பெயரோடு சுவரில் ஒட்டும் வழக்கம் முன்பு இருந்தது; பின்தங்கிய பிள்ளைகள் அதனால் வருவதையே நிறுத்தினார்கள். பெற்றோர் சிலர் சேர்ந்து எடுத்துச் சொன்ன பிறகு அதை நிறுத்திவிட்டார்கள், அந்த அளவுக்குக் காது கொடுத்துக் கேட்பவர்கள்தான். மாலை ஏழு மணிக்கு வகுப்பு முடிந்ததும் பெண் பிள்ளைகளைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் இன்னும் நிறைவேறவில்லை; மழைக்காலத்தில் அந்தச் சந்தில் விளக்கு எரிவதில்லை.

மாதக் கட்டணம் 600 ரூபாய்; அக்கா தம்பி சேர்ந்து படித்தால் இரண்டாவது பிள்ளைக்குப் பாதி. தந்தையையோ தாயையோ இழந்த பிள்ளைகளிடம் வாங்குவதில்லை. நகரின் பெரிய பயிற்சி மையங்களில் ஆறாம் வகுப்பிலிருந்தே நீட் அடிப்படைப் பயிற்சி என்று வாங்கும் தொகையோடு பார்த்தால் இது மிகக் குறைவு. அந்த மையங்களைத் தேடுகிறவர்களுக்கு இந்த இடம் பொருந்தாது. இங்கே தரவரிசை கிடையாது, விளம்பரப் பலகையில் பிள்ளையின் படம் வராது. மாதம் ஒரு ஞாயிறும், நாளுக்குப் பத்து நிமிடமும் ஒதுக்க முடியாது என்று உறுதியாகத் தெரிந்தவர்களும் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன், ஏனெனில் வீட்டு வேலை நடக்காத பிள்ளைகள் இங்கே மற்ற டியூஷன்களில் படிப்பவர்களைவிட அதிகமாக முன்னேறியதை நான் பார்க்கவில்லை.

சேர்க்கை ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் நடக்கிறது. வகுப்புக்குப் பதினைந்து பேருக்கு மேல் எடுப்பதில்லை என்பதால் இடம் விரைவில் நிரம்பிவிடும். போகும்போது ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டையும் தமிழ் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அவற்றைத்தான் அவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள். இயன்றால் தந்தையும் உடன் செல்வது நல்லது. இடம் கிடைக்காதவர்களையும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திற்கு வந்து கேட்டுவிட்டுப் போக அனுமதிக்கிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை, முன்பதிவும் தேவையில்லை.